என் தோளாக நின்றவர்

அவரிடம் ஏழு ஜிப்பாக்கள் இருந்தன. நான் எண்ணியிருக்கிறேன். வெள்ளையில் நான்கு, சந்தன நிறத்தில் இரண்டு, சாம்பல் ஒன்று. ஏழையும் அவரே வெட்டி அவரே தைத்திருந்தார். அவற்றில் ஒன்றாவது அவர் உடம்பில் எங்காவது பிடித்து இழுப்பதை நான் பார்த்ததில்லை. பார்த்துவிட வேண்டும் என்று மூன்று ஆண்டுகள் காத்திருந்தேன்.

கல்வராயன் மலைமேல் இருந்த ஓர் உறைவிடப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார், அவர் அறிவியல் வாத்தியார். கள்ளக்குறிச்சியில் ஒரே வீட்டுக்காரரின் இரண்டு போர்ஷன்களில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தோம். நான் மனைவியோடு, அவர் தனியாக. திங்கட்கிழமை காலை பஸ்ஸில் மலையேறினால் வெள்ளிக்கிழமை மாலைதான் இறங்குவோம்.

கரும்பலகையின் உச்சியில் எழுதக் கையைத் தூக்கினால் யாருக்கும் சட்டை மேலே ஏறத்தான் செய்யும். எனக்கு நான்கு விரற்கடை ஏறி, உள்ளே இருக்கும் பனியன் தெரியும். பின்வரிசையில் யாராவது சிரிப்பார்கள். அவர் கையைத் தூக்கினால் ஜிப்பாவின் கீழ் விளிம்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அக்குளில் ஒரு சதுரத் துண்டை வைத்துத் தைப்பதுதான் அதன் ரகசியம் என்று அவரே சொன்னார். ரகசியத்தைச் சொன்ன பிறகும் அது அவரிடமே இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாதது.

ஒரு திங்கட்கிழமை அவர் பழுப்பேறிய காடாத் துணியில் தைத்த ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். தோளிலும் மார்பிலும் சாக்கட்டிக் கோடுகள். ஜிப்பாவின் ஒரு கையில் மட்டும் ஆறு குண்டூசிகள். மலைக்குப் போய்ச் சேர்ந்ததும் தலைமையாசிரியர் அவரை வராந்தாவிலேயே நிறுத்தினார்.

"இன்னா சார் இது? பொணத்து மேல போத்துற துணிய மாட்டிக்கினு வந்திருக்கீங்க?"

"இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் சார். நல்ல துணிய வெட்டறதுக்கு முன்னாடி இத போட்டுப் பாக்கணும். எங்க இழுக்குதுன்னு பாத்துக்கினு இருக்கேன்."

"அத வூட்ல பாக்கறதுதானே?"

"வூட்ல நான் சும்மா குந்திக்கினு இருப்பேன் சார். கை தூக்கறது, குனியறது, பஸ்ஸுல கம்பியப் புடிக்கிறது எல்லாம் இங்கதானே?"

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். என் சிரிப்பில் அவர் சேர்ந்துகொள்ளவில்லை. "கரெக்டுதான்" என்று முனகிவிட்டு உள்ளே போனார். அன்று முழுவதும் அறிவியல் வாத்தியார் அந்தக் காடாத் துணியோடு வகுப்பெடுத்தார், தண்ணீர் இறைத்தார், பிள்ளைகளோடு பந்தாடினார். இழுத்த இடத்தில் நின்று சட்டைப்பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து ஒரு கோடு போட்டுக்கொள்வார். மாலைக்குள் பதினெட்டுக் கோடுகள். ஒரு நாள் முழுக்க எல்லார் கண்ணெதிரேயும் தப்பான சட்டையோடு அலைய என்னால் ஆகாது. அவர் வெட்கப்படவே இல்லை.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒரு மனிதரைக் கூர்ந்து பார்க்கிறார் என்றால் கொஞ்ச நேரத்தில் அவரைப் போலவே நிற்கத் தொடங்கிவிடுவார். கண்டக்டர் இடுப்பை ஒடித்து நின்றால் இவர் இடுப்பும் ஒடியும். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் வண்டிக்காரர் ஒருவர் தோளைக் குறுக்கி டீ குடிப்பதைப் பார்த்துவிட்டு, இவரும் தோளைக் குறுக்கிக்கொண்டு, "இவருக்கு முதுகுல ஒரு அங்குலம் ஜாஸ்தி வைக்கணும்" என்றார். கேலி இல்லை. துணி எங்கே பிடிக்கும் என்று தன் உடம்பில் வாங்கிப் பார்ப்பார், அவ்வளவுதான். ஆனால் பிறருக்கு ஒரு தையல்கூடப் போட்டுத் தர மாட்டார். தலைமையாசிரியரே துணி எடுத்து வந்து கேட்டபோதும் மறுத்துவிட்டார். "சொல்லித் தரேன் சார். தச்சுத் தர மாட்டேன்."

என் வலது தோள் இடது தோளைவிட ஒன்றேகால் அங்குலம் இறங்கியிருக்கும். சின்ன வயதில் மாட்டுவண்டியிலிருந்து விழுந்ததில் வந்தது. எந்தச் சட்டை போட்டாலும் வலப்பக்கம் வழிந்து கழுத்து ஒரு பக்கமாகத் திறந்துகொள்ளும். ஒரு நாளைக்கு இருபது முறையாவது இழுத்துவிட்டுக்கொள்வேன். கடைவீதித் தையல்காரர் அளவெடுக்கும்போது அது தெரிந்துவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்து, வலது தோளைத் தூக்கி, நேராக நிற்பேன். அவரும் இரண்டு தோளுக்கும் ஒரே அளவை எழுதிக்கொள்வார். நூல் வாங்கக் கடைக்கு வந்திருந்த இவர் ஒருமுறை இதைப் பார்த்துவிட்டார். வெளியே வந்ததும் சொன்னார்:

"சார், போட்டோவுக்கு நிக்கிற மாரி நிக்கிறீங்க. அப்புறம் சட்டை அந்த போட்டோவுக்குத்தான் சரியா இருக்கும்."

"எனக்கு என் அளவு தெரியும்" என்றேன்.

"தெரியும் சார். அதான் மறைக்கிறீங்க."

பன்னிரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அவரிடம் சொந்தமாகத் தையல் மிஷின் கிடையாது. என் மனைவியிடம் இருந்தது. கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்த கையால் சுற்றும் மிஷின். எட்டு ஆண்டுகளாக அதில் தலையணை உறையும் திரைச்சீலையும் தவிர வேறெதுவும் தைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கதவருகே வந்து நின்று, "மிஷினு கொஞ்சம் வேணுங்க" என்பார். முதலில் மிஷினைத் தூக்கிக் கொடுத்து அனுப்பினோம். பிறகு, தூக்க வேண்டாம், இங்கேயே தைக்கட்டும் என்றாள். வீட்டுக்கார அம்மாவும் வந்து உட்கார்ந்துகொள்வார். நான் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு நாற்காலியில் இருப்பேன்.

"ஏங்க, கை சேக்குற எடத்துல சுருக்கம் விழுதே, ஏன்?" என்று மனைவி கேட்பாள்.

"நீங்க துணிய இழுக்கிறீங்கம்மா. துணி போற பக்கம் விட்டுட்டுக் கூடவே போங்க."

"அது எங்க போவும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்கும் தெரியாது. ரெண்டு பேரும் போய்ப் பாருங்க."

அவள் சிரிப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு முறை சிரித்தாள். என்னிடம் அந்த மாதம் முழுவதும் ஒருமுறை சிரித்திருந்தாள். அதுவும் நான் சோற்றில் புரையேறி இருமியபோது. அவர் தைத்து முடித்த ஜிப்பாவை அவள் உள்புறம் திருப்பி, தையலை விரலால் தடவிப் பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்கு வேண்டும் என்று தோன்றியது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என் உடம்பில் ஒரு துணி ஒழுங்காக உட்கார்ந்து, என் மனைவி அதை அப்படி ஒருமுறை பார்க்க வேண்டும். அந்த ஆண்டுகளில் நான் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

அதனால் நானே தைப்பது என்று முடிவு செய்தேன். அவர் தைக்கிறார் என்றால், கணக்குப் படித்த நான் தைக்க முடியாதா? மலைமேல் என் அறையில் கட்டத்தாளில் படம் வரைந்தேன். மார்பு முப்பத்தாறு, அதில் கால்பங்கு ஒன்பது, தளர்வுக்கு இரண்டு. கழுத்து பதினைந்து. பதினான்கு அளவுகள், எல்லாவற்றையும் இருமுறை சரிபார்த்தேன். மனைவி தாய்வீடான மணலூர்பேட்டைக்குப் போயிருந்த ஒரு சனி ஞாயிறில் பாப்ளின் துணி எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு தைத்தேன்.

ஞாயிறு மாலை அதைத் தலைவழியாகப் போட்டேன். இரண்டு கையும் உள்ளே போய்விட்டன. தலை போகவில்லை. கழுத்துக்கு அளவெடுத்துக் கழுத்தளவுக்கே துளை வெட்டியிருந்தேன். முன்னால் பிளவு விட்டுப் பொத்தான் வைக்க வேண்டும் என்பது படத்தில் இல்லை. என் தலையின் சுற்றளவு இருபத்திரண்டு அங்குலம் என்பதை அந்த நேரத்தில் மனக்கணக்காகவே போட்டுவிட்டேன். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இரண்டு கையும் ஆகாயத்தைப் பார்க்க, முகம் துணிக்குள், நடுவீட்டில் நின்றிருந்தபோது கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"ஐயோ, இன்னாங்க இது?" மனைவியின் குரல். ஒரு பஸ் முன்னாலேயே வந்துவிட்டாள்.

"ஒன்றுமில்லை" என்றேன் துணிக்குள்ளிருந்து.

"ஒண்ணுமில்லையா? யாராச்சும் கட்டிப் போட்டுட்டாங்களா? ஏங்க, கொஞ்சம் வாங்களேன்!" கடைசி வாக்கியம் எனக்கு அல்ல. பக்கத்துப் போர்ஷனுக்கு.

"அசையாதீங்க சார்" என்று அவர் குரல் வந்தது. கத்தரிக்கோல் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. என் இடது முழங்கையை மடக்கி, காதோரமாக உள்ளே இழுத்து, ஒரு திருப்பு. மூன்று நொடியில் துணி கழன்றுவிட்டது. மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. நான் வெட்டிய ஜிப்பாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வெட்டு சுத்தமா இருக்கு சார். ரெண்டு தோளும் ஒரே அளவு" என்றார். என் தோளைப் பார்த்தார். "ஒரே அளவு."

அவரும் சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

அதற்குப் பிறகுதான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. அந்த ஆண்டுகளில் எங்கள் பக்கம் யார் எந்தச் சாதிக்காரர், யாருக்கு எத்தனை சதவீதம் என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. எங்கள் பள்ளியிலும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட ஆசிரியர்கள் இரண்டு பந்தியாகப் பிரிந்தார்கள். இவர் ஒரு நாள் இந்தப் பந்தி, ஒரு நாள் அந்தப் பந்தி என்று சாப்பிட்டார். இரண்டு பக்கமும் அவரைத் திட்டியது, இரண்டு பக்கமும் அவருக்கு இடம் ஒதுக்கி வைத்தது. எனக்கு எந்தப் பக்கமும் ஒதுக்கி வைக்கவில்லை. நான் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்வேன்.

சாலை மறியல் தொடங்கிய வாரம் அவர் மலைக்கு வரவில்லை. மெட்ராஸ் ஐ. கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்து, கறுப்புக் கண்ணாடியோடு வாசலில் நின்று, "கிட்ட வராதீங்க சார், ஒட்டிக்கும். லீவ் லெட்டர மட்டும் குடுத்துடுங்க" என்றார். திங்கட்கிழமை நான் தனியாக ஏறினேன். வியாழக்கிழமை பஸ் நின்றது. கீழே புளியமரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. மலைமேல் போன் இல்லை. காய்கறி வரவில்லை. சாமைச் சோறும் புளித்தண்ணீருமாகச் சாப்பிட்டோம்.

எனக்குச் சோறு பெரிதாகப் படவில்லை. கீழே அவர் இருக்கிறார். விடுப்பில் இருக்கிறார். மிஷின் என் வீட்டில் இருக்கிறது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று விரல் மடக்கினேன். பஸ் நின்ற ஏழாம் நாள், புதன்கிழமை, மலையடிவாரம் வரை ஒரு லாரி போகிறது என்றதும் தொற்றிக்கொண்டேன். அங்கிருந்து நடை. கள்ளக்குறிச்சிக்குள் நுழையும்வரை பதினேழு மரங்களைத் தாண்டினேன். ஒரு மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டார்கள்:

"எங்க சார், இவ்ளோ அவசரமா?"

"வீட்டுக்கு."

"வூட்ல இன்னா, யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?"

"தெரியவில்லை" என்றேன். அது உண்மை.

"ஐயோ பாவம், கையக் குடுங்க சார்" என்று தூக்கி மறுபக்கம் இறக்கிவிட்டார்கள்.

மனைவி கதவைத் திறந்தாள். அவளுக்கும் இரண்டு கண்ணும் சிவந்திருந்தன.

"கிட்ட வராதீங்க, ஒட்டிக்கும்" என்றாள்.

அதே வாக்கியம். எவ்வளவு அருகில் நின்றால் அந்தக் கண்வலி ஒட்டும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினேன். கட்டிலின்மேல் ஒரு வெள்ளை ஜிப்பா மடித்து வைத்திருந்தது. அவருடையதாக்கும் என்று நினைத்துக் கையால் தள்ளப் போனேன்.

"உங்களுக்குத்தான். நான் தச்சேன்" என்றாள். "அன்னிக்கு ஆசப்பட்டுத் தச்சு மாட்டிக்கினீங்களே. போட்டுப் பாருங்க."

போட்டேன். தலை தாராளமாகப் போயிற்று. கழுத்து நடுவில் உட்கார்ந்தது. வலது தோள் வழியவில்லை. இழுத்துவிடக் கையைக் கொண்டுபோனேன், இழுக்க ஒன்றும் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். நாற்பத்தோரு ஆண்டுகளில் முதல்முறையாக என் இரண்டு தோளும் சமமாகத் தெரிந்தன. என் மனைவி அந்தச் சிவந்த கண்களால் என்னைப் பார்த்தாள். நான் ஆசைப்பட்ட அதே பார்வை. இரண்டு நொடி இருந்திருக்கும். அங்கேயே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"என் அளவு உனக்கு எப்படித் தெரியும்? நான் இங்கே இல்லையே?"

"அவருதான் நின்னாரு."

"யார்?"

"அவருதாங்க. காடாத் துணிய வெட்டி அவருக்குப் போட்டுப் பாத்தேன். உங்கள மாரியே நின்னாரு. இந்தத் தோள இறக்கி, கழுத்த லேசா சாச்சி, வயித்த உள்ள இழுத்துக்கினு. வூட்டுக்கார அம்மாவே, அப்படியே ஒன் வூட்டுக்காரருதாண்டின்னு சொல்லிட்டாங்க. அப்படியே நடந்தாரு, குனிஞ்சாரு, பேப்பர் படிச்சாரு. நான் ஊசி குத்திக்கினே போனேன்."

நான் மலைமேல் விரல் மடக்கிக்கொண்டிருந்த வேளையில், என் நாற்காலியில், என் தோளோடு, என் பேப்பரை ஒருவர் படித்திருக்கிறார். அவர் மேல் என் மனைவி ஊசி குத்தியிருக்கிறாள். நான் மறைத்து வைத்திருந்த அந்த ஒன்றேகால் அங்குலத்தை அளவு பிசகாமல் இறக்கிக் காட்டியிருக்கிறார்.

"எத்தனை நேரம் நின்றார்?" என்று கேட்டேன்.

அவள் முகம் மாறியது. "ரெண்டு நாளு, ஒரு ஒரு மணி நேரம். ஏன், அதையும் எழுதி வச்சிக்கப் போறீங்களா? ஒரு பிளவுஸுக்குக் கழுத்து எப்படி இருக்குன்னு கேட்டா நீங்க அஞ்சு நிமிசம் நிமுந்து பாத்திருக்கீங்களா? அவரு உங்களுக்காக நின்னாருங்க."

ஜிப்பாவைக் கழற்றிக் கட்டிலில் போட்டேன். "இது எனக்கு வேண்டாம். இதை நான் போடப் போவதில்லை." பிறகு பழைய சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்துப் போர்ஷனுக்குப் போனேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். கண் தெளிந்திருந்தது.

"இனிமேல் மிஷினுக்கு வர வேண்டாம்" என்றேன்.

ஈரக் கையோடு எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார். மெல்ல அவருடைய வலது தோள் இறங்கியது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்று இன்று தெரிகிறது. அன்று தெரியவில்லை. "நிறுத்துங்கள்!" என்று கத்திவிட்டேன்.

அவர் தோளை நேராக்கிக்கொண்டார். "சரிங்க சார்" என்றார். "தோளு சரியா உக்காந்துச்சா? அதுல மட்டும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு."

நான் திரும்பி நடந்தேன். உட்கார்ந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஸ் ஓடத் தொடங்கிய மறுவாரம் அவர் போர்ஷனைக் காலி செய்து மலைமேல் ஆசிரியர் குடியிருப்புக்கே போய்விட்டார். அங்கே மிஷின் கிடையாது. அதன் பிறகு அவர் போட்ட ஜிப்பாக்கள் கைத்தையலாக இருந்தன. அவையும் எங்கும் இழுக்கவில்லை. என்னைப் பார்த்தால் முன்போலவே பேசினார். இரண்டு ஆண்டு கழித்துத் தருமபுரிப் பக்கம் மாற்றலாகிப் போனார். வழியனுப்பக் கூட்டம் போட்டார்கள். இரண்டு பந்தியும் வந்தது. நான் தலைவலி என்று அறையிலேயே இருந்துவிட்டேன்.

மனைவி அந்த ஜிப்பாவைப் பற்றி மறுபடி பேசவில்லை. பெட்டியின் அடியில் வைத்தாள். எனக்கு வேறெதுவும் தைக்கவும் இல்லை. நான் பழையபடி கடைவீதித் தையல்காரரிடம் போனேன், பழையபடி இழுத்துவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. அவள் மணலூர்பேட்டைக்குப் போகும் நாட்களில் பெட்டியைத் திறந்து அதை எடுத்துப் போட்டுக்கொள்வேன். கதவைச் சாத்திக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பேன், பேப்பர் படிப்பேன், சமையல்கூடச் செய்வேன். அவள் வருவதற்குள் துவைத்து, உலர்த்தி, தேய்த்து, அதே மடிப்பில் வைத்துவிடுவேன். அப்படி முப்பத்திரண்டு முறை போட்டிருக்கிறேன். வீட்டுக்குள் மட்டும் போட்ட துணிதான். ஆனாலும் கழுத்துப் பட்டை நைந்து, விளிம்பில் நூல் பிரிந்துவிட்டது. அதை எப்படித் தைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அப்படியே மடித்து வைத்தேன்.

முப்பத்து மூன்றாம் முறை எடுத்தபோது கழுத்தில் புதுப் பட்டை இருந்தது. நைந்ததைப் பிரித்தெடுத்துவிட்டு, அதே வெள்ளையில், கண்ணுக்குத் தெரியாத கைத்தையலில் போட்டிருந்தது. அவள் ஊரிலிருந்து திரும்பி வந்தாள். காபி போட்டுத் தந்தாள்.

அவர் மாற்றலாகிப் போய் அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இருந்தும், அவள் வருவதற்கு முன்னால் அதை ஜன்னலோரம் கொண்டுபோய், யார் கைத்தையல் என்று மூன்று முறை பார்த்திருந்தேன். மூன்று முறையும் அவளுடையதுதான்.